கூரை விரிசலுக்குப் பாக்டீரியா ஊட்டினேன்

நான் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டு. கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருந்தது. பார்க்க வந்த கொத்தனார், "உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும் தம்பி, கொத்திப் பாத்துருவோம்" என்றார்.

"நாங்க பாத்துக்கிறோம்ண்ணே" என்று கெத்தாக அனுப்பிவிட்டேன். கல்லூரி புராஜெக்டுக்காக நாங்கள் வளர்த்த பாக்டீரியா, விரிசலுக்குள் சுண்ணாம்பை உண்டாக்கி அடைத்துவிடும். அதையும் அதற்கான சத்து நீரையும் மூன்று வாரம் ஏணியில் நின்று செலுத்தினேன். கழுத்தே போச்சு.

"பெத்தவளுக்கு ஒரு வாய் தண்ணி தந்ததில்ல, கிருமிக்கு ரெண்டு நேரமும் ஊட்டுறான் பாரு" என்று அம்மா கலாய்த்தார்.

விரிசல் வெள்ளையாக மூடிக்கொண்டது. மறுவாரம் ஒரு மதியம், கீழே கட்டிலில் படுத்திருந்த அப்பா மோட்டாரை நிறுத்த எழுந்து போனார். அடுத்த நிமிடம் அவர் தலையணை மேல் காங்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி உப்பியிருந்தது. விரிசலை அடைத்த பாக்டீரியா துருவை என்ன செய்யும்?

அப்பா திட்டவில்லை. "ஒன்னைய நம்பித்தான்டா அங்கிட்டுப் படுத்தேன்" என்றார்.

அந்தக் கொத்தனாருடன் பத்து நாளாகக் கூரையைக் கொத்துகிறேன். கை தூக்க முடியவில்லை. இப்போதெல்லாம் எங்கே விரிசலைப் பார்த்தாலும், நான் மருந்தைத் தேடுவதில்லை. முதலில் கட்டிலை வெளியே எடுத்துப் போடுகிறேன்.