ஒற்றை ஆள் படகு

உள்ளறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுகுமாறன் கையிலிருந்த தேநீர்க் குவளையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அவர் மனைவி சந்திரமதி சிரித்து அவர் கேட்டதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கட்டிலைத் தட்டுவாள்; வலி என்றால் முனகுவாள்; பேச்சு அபூர்வம். இன்று சிரிக்கிறாள். ஆனந்தப்படுவதா, பயப்படுவதா என்றே அவருக்குத் தெரியவில்லை.

"அண்ணி ஏன் சிரிக்கிறாங்க?" என்றார் எதிரே இருந்த கமலநாதன். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? வெள்ளிக்கிழமை கோயில்ல பூ போட்டுப் பாத்துட்டு முடிவு சொல்றேன்னேன். அவ்ளோதானே லா."

கமலநாதன் சிங்கப்பூர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, இந்த வயதில் பாய்மரப் படகு ஆசை பிடித்து அலைகிறவர். சுகுமாறனின் பந்தயப் படகைப் பார்க்க வந்திருந்தார். அது ஒல்லியான படகு. ஒரே ஆள்தான் ஏறலாம். உடம்பை வெளியே சாய்த்துப் பாயை இழுத்துப் பிடித்தால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறக்கும். படகு கிளப்பில் இன்னொரு படகும் விலைக்கு நின்றது. அகலமானது, மெதுவானது, எதிரெதிரே இரண்டு பலகை இருக்கை, வெயிலுக்கு ஒதுங்கச் சின்னக் கூரை. கமலநாதனின் கண் பந்தயப் படகின்மேல். அவர் மனைவி பிரவீனாவின் ஆசை அந்த அகலப் படகின்மேல்.

சுகுமாறனின் ஆசையும் அதன்மேல்தான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தன் படகைக் கமலநாதனிடம் தள்ளிவிட்டு அந்த அகலப் படகை வாங்கிவிட வேண்டும். முதுகுக்குத் தலையணை கொடுத்தால் சந்திரமதியால் உட்கார முடியும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். தூக்கிக்கொண்டு போயாவது அவளை ஒருமுறை கடலில் உட்கார வைத்துவிட வேண்டும். சிவப்புப் பூ வரட்டும், தாயே, இவர் என் படகையே எடுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் தேநீர் கலக்கியிருந்தார்.

ஒரு காலத்தில் அவரும் இப்படித்தான் பூவை நம்பினார்.

மலேசியாவின் பெக்கோக் தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தவர் அவர். பாசிர் கூடாங் தொழிற்சாலைக்கு வேலைக்கு வரும்வரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. கூட வேலை செய்தவன் ஒருநாள் கிளப்புக்கு இழுத்துப் போனான். காற்று பாயில் நிறைந்து படகு சாய்ந்த அந்த நொடியில் பறிகொடுத்த மனசு, பிறகு திரும்பவே இல்லை. சொந்தப் படகு வாங்கக் கையில் காசு தேறியபோது அவருக்கும் இதே குழப்பம். பந்தயப் படகா, இருவரும் சேர்ந்து போகிற அகலப் படகா? செவ்வரளி ஒரு பொட்டலத்தில், வெள்ளரளி ஒரு பொட்டலத்தில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார்கள். சிவப்பு வந்தால் பந்தயப் படகு, வெள்ளை வந்தால் அகலப் படகு. மடித்தவள் சந்திரமதி. பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் சிவப்பு இருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடலில். அவள் கரையில், கெத்தாப்பாங் மரத்தடியில், தூக்குச்சட்டியில் புளிச்சோற்றோடு. "என்னையும் ஒருநாள் ஏத்திட்டுப் போங்களேன்" என்று கேட்பாள். "ஆத்தா கொடுத்ததே ஒரு ஆள் படகு, நான் என்ன செய்ய?" என்று சிரித்துவிட்டுப் போவார். கேட்டுக் கேட்டு அவளும் ஓய்ந்துபோனாள். அலமாரியில் அவர் ஜெயித்த பந்தயக் கிண்ணங்கள் மட்டும் சேர்ந்தன.

இருவரும் அறைக்குள் போனார்கள். சந்திரமதியின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் கண்ணில் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது.

"தம்பி," என்றாள், வார்த்தை வார்த்தையாக. "பொட்டலத்த... யாரு மடிக்கப் போறா?"

"பிரவீனாதான் அண்ணி."

"அப்ப... அவ கையப் பாத்துக்கிட்டே இருங்க. நான் ரெண்டுலயும் செவப்புதான் வெச்சேன்."

சுகுமாறன் கட்டிலருகே குனிந்தார்.

"என்ன சொல்ற, மதி?"

"ரெண்டுலயும் செவப்பு. வெள்ளை என் முந்தானையில இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "நீங்க கண்ண மூடிக்கிட்டு நின்னீங்க. செவப்பு, செவப்புன்னு உதடு முணுமுணுத்துச்சு. வெள்ளை வந்தா வாங்கியிருப்பீங்க. வாங்கிட்டு... மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டே என்னை ஏத்திட்டுப் போயிருப்பீங்க. அது எனக்கு வேணாம்."

"சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை."

"நீங்க கேட்டிருக்கலாமே. ஆத்தாகிட்ட கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் அவர் நெஞ்சைப் பிளந்தது. இத்தனை காலம் அம்மன்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்த பாரம் மொத்தமும் ஒரே வீச்சில் அவர் தோளில் வந்து விழுந்தது. அந்த மரத்தடி, அந்தத் தூக்குச்சட்டி, படகு திரும்புகிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் அந்தப் பார்வை, எல்லாம் கண்முன் வந்து நின்றன.

"அலமாக், ஆத்தாவையே ஏமாத்திட்டீங்களே அண்ணி," என்று கமலநாதன் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார்.

"மாவிளக்கு போட்டு மன்னிப்பு கேட்டுட்டேன். அவளும் பொம்பளதானே."

கமலநாதன் சிரிக்கவில்லை. பிறகு, "வெள்ளிக்கிழமை பூ எல்லாம் வேணாம் அண்ணே," என்றார். "பிரவீனா கேட்டதையே வாங்கிடறேன். அந்த அகலப் படகுக்காரர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லிடறேன். உங்க படகுக்கு வேற ஆள் பாத்துத் தரேன், மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தப் படகு எனக்கு வேண்டும் என்ற சொல் சுகுமாறனின் தொண்டைவரை வந்தது. சொன்னால் கமலநாதன் விட்டுக்கொடுத்துவிடுவார், அப்படிப்பட்ட மனிதர். மகிழ்ச்சியாகப் பந்தயப் படகை எடுத்துக்கொண்டு போவார். பிரவீனா கரையில் உட்காருவாள். தூக்குச்சட்டியோடு.

சுகுமாறன் சந்திரமதியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"நல்ல படகு அது," என்றார். "தம்பி, பிரவீனாவ வலது பக்கம் உக்கார வைங்க. அங்க நிழல் கூட இருக்கும்."

"நீங்க அதுல ஏறியிருக்கீங்களா அண்ணே?"

"இல்ல. சும்மா போய்ப் பாத்தேன்."

கமலநாதன் அவர் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். அவர் கையை அழுத்திப் பிடித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேயும்வரை சுகுமாறன் வாசலிலேயே நின்றார்.

"போய்ட்டாரா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போய்ட்டாரு," என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.