பாலிக் பூலாவ் பழக்குவியலும் நான்கு நாட்டுக் கையெழுத்தும்

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பினாங்கில் இறங்கினோம். விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுன் பதினாறு கிலோமீட்டர், டாக்சிக்குப் பதினேழு வெள்ளி. இங்கே மலேசியப் பணமான ரிங்கிட்டை யாரும் ரிங்கிட் என்று சொல்வதில்லை, வெள்ளிதான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் இயக்குநர் சென்னை அலுவலகத்திலிருந்து இந்தியாவின் சார்பில் பேச வந்தவர். நான் அவருடைய கோப்புகளைச் சுமக்க வந்தவன். இந்த உண்மையை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

காரியம் இதுதான். கப்பல் கவிழ்ந்து கடலில் எண்ணெய் கொட்டினால், இந்தியா, மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா நான்கும் படகுகள் அனுப்பி ஒருவருக்கொருவர் உதவ வேண்டும். கேட்க எளிது. ஆனால் இரண்டு கூட்டங்கள் ஏற்கெனவே ஒரே இடத்தில் முட்டி நின்றுவிட்டன. நீரோட்டம் எண்ணெயை யார் கரைக்குக் கொண்டுபோகும் என்று எவருக்கும் தெரியாது. தன் கரைக்கு வராது என்று எல்லோருக்கும் ஒரு நப்பாசை. "நீரோட்ட ஆய்வு முடிவு வரட்டும், பிறகு எத்தனை படகு என்று பார்ப்போம்" என்று முதலில் சொன்னவர் எங்கள் இயக்குநர்தான். ஒரு படகுக்கு மேல் தர மாட்டேன் என்று சாதித்தவரும் அவரே.

வியாழன் பகல் முழுவதும் அதே பாட்டு. கூட்டத்தை நடத்திய யோகேஸ்வரி அம்மையார் மலேசிய அதிகாரி. யாழ்ப்பாணத்திலிருந்து பினாங்குக்கு வந்து வேரூன்றிய குடும்பத்தைச் சேர்ந்தவர். உணவு இடைவேளையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எங்களுக்கு நாசி கண்டார் வாங்கிக் கொடுத்தார். சோற்றின் மேல் நாலு குழம்பையும் ஒன்றாக ஊற்றித் தந்தார்கள், அபாரம். தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்:

"தம்பி, இந்த வாட்டியும் சைன் ஆகலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. மேலிடத்துல சொல்லிட்டாங்க. ரெண்டு வருஷமா இதுக்கே அலைஞ்சிட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. முட்டுக்கட்டை எங்கள் பக்கத்து நாற்காலியில் அல்லவா உட்கார்ந்திருந்தது!

மாலை ஐந்து மணிக்கு, சண்டை போட்டவர்களைச் சமாதானப்படுத்த, அம்மையார் டுரியான் பழம் தின்ன அழைத்துப்போனார். தீவின் மறுபக்கத்தில் டுரியானுக்குப் பேர்போன பாலிக் பூலாவ் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், மலையைச் சுற்றி வளைந்து போகும் சாலை. வேன் ஓட்டியவர் செல்வம். முன்பு புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வளைவுக்கு ஒரு கதை சொன்னார்.

சாலையோரக் கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். பழம் மூன்று வெள்ளி. அங்கேயே வெட்டித் தருவார். கெட்டுப்போயிருந்தால் வேறு தருவார். அதுதான் ஊர் வழக்கம். எங்கள் இயக்குநர் விடுவாரா? இரண்டரை வெள்ளிக்குப் பேரம் பேசி, "மாற்றித் தர வேண்டாம்" என்று வாக்கும் கொடுத்து, இருப்பதிலேயே பெரிய பழத்தை எடுத்தார். மற்றவர்களும் ரோஷம் வந்து அதே விலைக்கு ஆளுக்கொன்று எடுத்தார்கள். தாய்லாந்துக்காரர் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டே எடுத்தார்.

வெட்டினார்கள். தாய்லாந்துப் பழம் பாதி காய். யோகேஸ்வரி அம்மையாருடையது சுமார். இந்தோனேசியருக்கு வெண்ணெய் மாதிரி மஞ்சள் சதை. எங்கள் இயக்குநர் பழத்திலிருந்து ஒரு புழு எட்டிப் பார்த்தது. இந்தோனேசியர் மும்முரமாகச் சாப்பிட்டார், நிமிரவே இல்லை. இயக்குநர் தொண்டையைக் கனைத்துப் பார்த்தார், பயனில்லை.

செல்வம் சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "இப்டி யாரும் வாங்க மாட்டாங்க லா, சார். நாங்க ஃபேக்டரி கூட்டாளிங்க வந்தா, மொதல்ல எல்லாரும் சேந்து ஒரு குவியல் எடுத்துருவோம். எல்லாப் பழத்துலயும் எல்லாருக்கும் ஒரு சொளைன்னு அப்பவே பேசிருவோம். வெட்டுனதுக்கு அப்பறம் பேசுனா எவன் சார் குடுப்பான்?"

அடுத்து எட்டுப் பழம் அப்படி வாங்கினோம். பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்தது. இரண்டு பழம் சொத்தை, யாரும் கவலைப்படவில்லை. இயக்குநர் மட்டும் ஒன்பது சுளை தின்றார். நான் எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. ஆய்வு அறிக்கை அரக்கு முத்திரையோடு வந்து சேர்ந்தது. யோகேஸ்வரி அம்மையார் அதை மேசையின் நடுவில் வைத்தார். பக்கத்தில் உறை கிழிக்கும் கத்தி.

"ஆளுக்கு மூன்று படகு என்ற வரைவு உங்கள் முன்னால் இருக்கிறது. இந்த உறையை இப்போது வெட்டவா, கையெழுத்துக்குப் பிறகு வெட்டவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

மற்ற மூன்று பேரும் உறையையே பார்த்தார்கள். இயக்குநர் கத்தியைப் பார்த்தார், இந்தோனேசியரைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"முதலில் கையெழுத்து" என்றார்.

பதினொன்றே காலுக்கு நான்கு கையெழுத்தும் விழுந்தன. அதன் பிறகே உறையைப் பிரித்தார்கள். வரைபடத்தில் அம்புக்குறிகள் பெரும்பாலும் எங்கள் நிக்கோபார்த் தீவுகளை நோக்கித்தான் இருந்தன. இயக்குநர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூன்று படகு என்ற வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். யோகேஸ்வரி அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அன்று மாலை விமானத்தில் இயக்குநர் ஜன்னல் வழியே கடலையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "நேற்று என் பழம் நன்றாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!" என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு முதல்முறையாகப் பிரியம் வந்தது.

சென்னையில் எங்கள் தெருவில் ஒவ்வொரு கோடையிலும் கிணற்றுச் சண்டை. எந்த வருஷம் யார் கிணறு வற்றும் என்று சொல்ல முடியாது. கிணறு வற்றிய வீட்டுக்காரர் கெஞ்சுவார். தண்ணீர் உள்ளவர் கதவைச் சாத்துவார். அந்த வருஷம் ஐப்பசியிலேயே தெருக் கூட்டம் போட்டேன். எல்லாக் கிணறும் தளும்பிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் குடைபிடித்து வந்தவர்கள், தண்ணீர்ப் பங்கீட்டுக்கு இதுவா நேரம் என்று என்னைப் பைத்தியம் என்றார்கள். ஆனால் ஒருவர் விடாமல் கையெழுத்துப் போட்டார்கள்.