மலையும் கல்லூரியும் இருக்கிற இடத்தில் அப்பாவுக்கு ஒரு வீடு

1954 ஆகஸ்ட் 14, சனிக்கிழமை, காலை மணி ஏழு ஐந்து. மூன்று பேர், பார்க்க வேண்டிய வீடுகள் மூன்று, வாடகைக் கார் ஒன்று. மலாக்காவில் மஸ்ஜித் தானாவுக்கு இரண்டு மைல் தள்ளி இருக்கும் எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கேட்டைத் தாண்டியபோது கணக்கு இதுதான்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா மண்டோர். வெளிக்காட்டு வேலையில் ஆட்களை மேய்த்தே முப்பது வருடம் ஓட்டியவர். டிசம்பரோடு வேலை முடிகிறது. வேலை முடிந்தால் தோட்டத்து வீடும் முடிந்தது. ஜனவரியில் எங்கே போவது? இதே கேள்வியோடு எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று: மேடான இடம் வேண்டும். என் நிபந்தனை, பக்கத்தில் கல்லூரி வேண்டும். படிப்பு ஆசையால் அல்ல. நான் சிரம்பானில் பொதுப்பணி இலாகாவில் நிலமட்டம் எடுக்கிறவன். கல்லூரி இருக்கிற இடத்துக்குத்தான் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் முதலில் போகும், சடக்கும், அதாவது ரோடும், ஒழுங்காக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவிடம் நிபந்தனை எதுவும் இல்லை. இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கார் காதர் அண்ணனுடையது. நாள் வாடகை பதினெட்டு வெள்ளி, பெட்ரோல் எண்ணெய் அவர் பொறுப்பு. பஸ்ஸில் போனால் மலிவுதான், ஆனால் வீடு பார்க்கிற வேலைக்கு பஸ் ஆகாது. எங்கள் பக்கம் கம்யூனிஸ்டு ஆபத்து இல்லாத வெள்ளைப் பகுதி ஆகி ஊரடங்கு போய்விட்டது. ஆனாலும் அடையாள அட்டையை மறக்காதீர்கள். அன்றைக்கு வழியில் ஓர் இடத்தில் நிறுத்திக் கேட்டார்கள். அம்மா மடியில் இட்லிப் பொட்டலம் வைத்திருந்தார். போலீஸ்காரர் காருக்குள் எட்டிப் பார்த்ததும் அதன்மேல் முந்தானையை இழுத்து மூடினார். சோற்றுக் கட்டுப்பாடெல்லாம் இங்கே இப்போது இல்லை, எதற்கு மூடுகிறீர்கள் என்று எரிந்து விழுந்தேன். பழக்கம் என்றார்.

முதல் வீடு கோலா சுங்கை பாருவில், கடலோரம், ஆறு மைல். மீனவர்கள் நல்ல மனிதர்கள். கிணற்றுத் தண்ணீர்தான் உப்பு. கயிற்றில் கல்லைக் கட்டி ஆழம் பார்த்தேன், ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.

"இன்ஜினியர் தம்பிக்கு பொண்ணு பாக்கப் போறப்ப நான் கார் ஓட்ட மாட்டேன்லா," என்றார் காதர் அண்ணன். "அங்கயும் கயித்தோட இறங்கிடுவாரு."

அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மைல் தூரத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்.

இரண்டாவது, பாயா ரும்புட். வீடு புதுசு, விலையும் குறைவு. ஆனால் பெயரே சொல்கிறதே: பாயா என்றால் சதுப்பு. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. அதை மறைத்துச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். விற்கிறவரிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம். அப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றினார்.

மூன்றாவது வீடுதான் அப்பா கனவில் வைத்திருந்தது. மலாக்கா டவுனுக்கு அந்தப் பக்கம், புக்கிட் பாரு வட்டாரத்தில் ஒரு குன்று. அடிவாரத்தில் ஆசிரியைகளுக்கான பயிற்சிக் கல்லூரி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே வீடு. நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று இருபது. வீட்டுக்காரர் டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் மரைக்கார். குடையோடு அடிவாரத்திலேயே காத்திருந்தார். கார் மேலே ஏறாது, கல் படி.

அம்மா காரை விட்டு இறங்கவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள், எனக்கு எங்கே இருந்தாலும் சரி என்றார். காலில் வலியா என்றேன். இல்லை என்றார். அப்புறம் என்ன என்றேன். மடியில் இருந்த பொட்டலத்தைச் சரிசெய்தார். எனக்கு நேரமில்லை, ஏறிவிட்டேன்.

வீட்டைப் பற்றி நான் பொய் சொல்ல முடியாது. பலகையெல்லாம் செங்கால் மரம், கறையான் இல்லை. மழைத்தண்ணீர்த் தொட்டி, நல்ல வடிகால். முன்வராந்தாவில் நின்றால் கல்லூரிக் கூரைகள், தென்னை, அதற்கப்பால் கடல் ஒரு வெள்ளிக் கம்பி மாதிரி. காற்று அப்படி அடித்தது. அப்பா மரைக்காரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் கட்டைமேல் வைத்துக்கொண்டார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னொரு ஆளு திங்கக்கெழம பணத்தோட வர்றேங்கிறாரு," என்றார் மரைக்கார். "மண்டோருக்குப் புடிச்சா, இப்பவே ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அப்பா எழுந்து வராந்தா விளிம்புக்குப் போனார். கீழே அம்மா காரை விட்டு இறங்கி, நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்கு மனசு கொள்ளாத சந்தோஷம். கையைத் தூக்கி, மேலே வா என்று ஆட்டினார்.

அம்மா எழுந்தார். முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார். வரவும் இல்லை, உட்காரவும் இல்லை.

அப்பா கையை இறக்கினார்.

"அன்னைக்கும் இப்படித்தான்டா நின்னா," என்றார்.

என்றைக்கு என்று அங்கேயே நின்று கேட்டேன். தோட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். துரை பங்களா எப்போதும் குன்றின்மேல்தான். 'மேலே கூப்பிடுகிறார்கள்' என்றால் ஏதோ குற்றம் என்று அர்த்தம். நல்ல சேதிக்கு எவரையும் மேலே கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், கம்யூனிஸ்டுகள் கைக்குப் போய்விடும் என்று காட்டுக்குச் சோறு கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் கடுமையாக இருந்தபோது, அம்மாவின் ரப்பர்ப் பால் வாளிக்குள் ஒரு பிடி சோறு இருந்திருக்கிறது. காலையில் சாப்பிட நேரமில்லாமல் வைத்தது. கேட்டில் பிடித்து மேலே அனுப்பிவிட்டார்கள். பங்களாவுக்குக் கீழே வெயிலில் மதியம்வரை நின்றிருக்கிறார். துரை இறங்கி வரவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கடைசியில் வராந்தாவிலிருந்து ஒரு கை மட்டும் ஆடியது. போ என்று.

இதை அப்பா நாலே வாக்கியத்தில் சொன்னார். பிறகு மரைக்காரிடம் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் படியில் இறங்க ஆரம்பித்தார். முட்டி வலிக்காரர் இறங்குகிற வேகம் இல்லை அது.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அதுக்குள்ள எறங்கிட்டீங்க? காத்து நல்லா இருக்கும்னீங்களே."

"காத்து கீழயும் வருது."

"புடிச்சிருந்தா வாங்குங்க. நான் பழகிக்கிறேன்."

"நீ பழகுன வரைக்கும் போதும்," என்றார் அப்பா. "இட்லி இருக்கா? பசியாறலாம்."

பொட்டலத்தைக் காரின் முன்மூடிமேல் பிரித்து வைத்து, நட்ட நடுச் சடக்கில், காதர் அண்ணனோடு நாலு பேரும் சாப்பிட்டோம். கல்லூரிப் பெண்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். அம்மா எதையும் மூடவில்லை.

நாங்கள் சாப்பிட்டு முடித்ததும், பின்னாலேயே இறங்கி வந்திருந்த மரைக்காரே ஒரு வழி சொன்னார். கல்லூரி வேலியை ஒட்டி, சமதரையில், அவருடைய உறவினருக்கு ஒரு பலகை வீடு இருக்கிறதாம். போய்ப் பார்த்தோம். தகரக் கூரை, சாக்கடையில் பாதி மண். பெருமழைக்கு ஓர் அடி தண்ணீர் உள்ளே வரும் என்று அங்கேயே சொன்னேன். யாரும் காது கொடுக்கவில்லை. அம்மா பின்கட்டில் அடுப்பு மேடையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் நின்றுகொண்டு, அம்மா வெளியே வந்து தலையாட்டும்வரை விலையே கேட்கவில்லை.

மலைவீடுதான் நல்ல வீடு. இப்போதும் அதுதான் என் கருத்து, பொறியியல் மாறாது. ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: கிணற்றை அளக்கும் முன், கூட வருகிறவர் ஏன் காரை விட்டு இறங்கவில்லை என்று பொறுமையாகக் கேளுங்கள். நான் கேட்ட மாதிரி கேட்காதீர்கள். மற்றபடி மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். புதுச் சுண்ணாம்பை நம்பாதீர்கள். குழாய்த் தண்ணீர் எதுவரை வருகிறது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

இனி நான் செய்யப் போவது:

1. அடுத்த லீவில் மட்டக்கருவியோடு வந்து சாக்கடையின் சரிவை எடுப்பது.
2. மண்ணை வாரி, கல்லூரிக் கால்வாய்வரை வடிகாலைக் கொண்டுபோய்ச் சேர்க்க அனுமதி கேட்பது.
3. ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்வது.
4. வீட்டுத் தரையை இரண்டடி உயர்த்துவது. அப்போது வாசலுக்கு மூன்று படி வரும். வேலை தொடங்கும் முன் அம்மாவிடம் அதைச் சொல்லிச் சம்மதம் கேட்பது.