ராமுத்தாயின் சுபாவமும் என் ஃபாரமும்

வயதான மனநோயாளியிடம் எது நோய், எது பிறவிச் சுபாவம் என்று பிரித்துச் சொல்வது, குழம்பில் போட்ட உப்பைத் திரும்ப எடுக்கிற வேலை. இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி மனநல வார்டில் உளவியலாளனாக இருந்தேன். ராமுத்தாய்க்கு அறுபத்தைந்து வயது. பாதி ஆயுள் நோயிலும் மாத்திரையிலும் போயிருந்தது. காதில் கேட்ட குரல்கள் நின்றுவிட்டன. சந்தேகமும் சண்டையும் நிற்கவில்லை. "அது நோய்னா மருந்தைக் கூட்டி இங்கேயே வைப்போம். சின்ன வயசிலிருந்தே அப்படின்னா மருந்து என்ன பண்ணும்? வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர். ராமுத்தாய்க்கு இருந்த ஒரே ஆசை பேரையூரில் மகன் வீட்டுக்குப் போவதுதான். நோயா சுபாவமா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டிய ஃபாரத்தில் அது வந்து நின்றது.

முதல் கேள்வி

வெளிநாட்டில் தயாரித்த கேள்விகளைத் தமிழாக்கி வைத்திருந்தோம். "உங்கள் பொருளை யாராவது எடுத்துவிடுவார்கள் என்று அடிக்கடி தோன்றுமா?" என்று கேட்டேன். அவர் தலையணைக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு இருந்ததால், பதில் வரும் முன்பே 'ஆம்' என்று குறித்துவிட்டேன்.

"இந்த வார்டுல ஏழு தட்டு காணாமப் போச்சு சார். நம்பி வச்சா, நாளைக்குச் சோத்த மடியிலயா வாங்குறது?"

தம்பி வந்தார்

நோய் வருமுன் எப்படி இருந்தார் என்று சொல்ல ஆள் வேண்டுமே. டி. கல்லுப்பட்டியிலிருந்து அவருடைய தம்பி வந்தார். அக்காவைப் பற்றிக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. அவர் புகழப் புகழ ராமுத்தாயின் வீடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. அப்போது தங்கம் என்றால் இப்போது உள்ளது நோய். நோய் என்றால் வார்டு. இதை அவரிடம் சொல்லவும் கூடாது.

"எங்கக்கா அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது சார். இம்புட்டும் எழுதிக்கங்க, சீக்கிரம் வீடு போய்ச் சேரட்டும்."

கொழுந்தன் வந்தார்

மறுவாரம் கணவரின் தம்பி வந்தார். மகனும் அவரும் ஒரே வீடு. மதினி திரும்பி வருவதில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. ஜன்னல் அதிரக் கத்தினார். அவர் திட்டத் திட்ட, ராமுத்தாய் வீட்டுக்கு ஒவ்வோர் அடியாக நெருங்கிக்கொண்டிருந்தார். யாரை நம்புவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

"கல்யாணமான மறுநாளே எங்காத்தாகூட மல்லுக்கு நின்னது சார். நோயாவது ஒண்ணாவது, பிறவிக்குணம்! வீட்டுக்கு மட்டும் அனுப்பிப்புடாதீக!"

அவரையே கேட்டேன்

வேறு வழியில்லாமல் ராமுத்தாயிடமே தம்பி சொன்னதையும் கொழுந்தன் சொன்னதையும் சொன்னேன். எதை எழுதினால் என்ன ஆகும் என்று கேட்டார். சொல்லக் கூடாதுதான், மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்.

"என் தம்பி பாசத்துல சொல்லிட்டுப் போறான். நீங்க கொழுந்தன் சொன்னதயே எழுதுங்க. அந்த மனுசன் வாயிலருந்து எனக்கு நல்லது வந்தது இது ஒண்ணுதான்."

'சுபாவம்' என்று எழுதி அவரைப் பேரையூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்; அது நிஜமா பொய்யா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் அந்த விஷயத்தில் எங்கள் எல்லோரிலும் புத்தி தெளிவாக இருந்தது அவர் ஒருவருக்குத்தான்.