தவறான புரிதல்

இபு ரோத்துவா எங்கள் சுகாதார நிலையத்தில் சத்துணவு ஆலோசகர். பெண்களுக்கு 'இபு', ஆண்களுக்கு 'பாக்' என்பது எங்கள் ஊர் மரியாதை. சுமத்ராவிலிருந்து வந்த பாத்தாக் இனத்துக் கிறிஸ்தவர். மேற்கு ஜாவாவில், முஸ்லிம்கள் நிறைந்த எங்கள் தெருவில் பதினெட்டு வருடம் இருந்தார். குரல் பெரிது, அன்பாகப் பேசினாலும் சண்டைக்கு வந்ததுபோல் இருக்கும்.

இரண்டு வயதில் என் மகள் திலாவுக்குப் பால் கொடுத்தாலே வயிற்றுப்போக்கு. மாமியார் செய்வினை என்றார்.

"செய்வினையும் இல்ல, கிய்வினையும் இல்ல. இது இன்டொலரன்சி" என்றார் ரோத்துவா. "இவ உடம்பு பால ஏத்துக்கல. பிள்ளை மேலயும் தப்பில்ல, பால் மேலயும் தப்பில்ல."

சோயாப் பாலுக்கு மாறினோம். பிள்ளை தேறினாள்.

ரோத்துவாவின் கணவர் இறந்தபிறகு, ஞாயிறு காலைகளில் அவர் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஜெபம் செய்வார்கள். ஒரு ஞாயிறு அவர் வாசலில் கூட்டம் திரண்டது.

"இது வீடா, சர்ச்சா? சர்ச்சுக்குப் பர்மிட் எங்க?"

உள்ளே பாட்டு நின்றது. ஒரு கல் ஜன்னலை உடைத்தது. கண்ணாடிச் சில்லு ரோத்துவாவின் நெற்றியைக் கிழித்தது. எதிர்வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

போலீஸ் நிலையத்தில் ஏட்டு 'தவறான புரிதல்' என்று எழுதினார்.

"அடுத்த மதத்த ஏத்துக்காத இதுக்குப் பேரும் இன்டொலரன்சிதான், பாக். அப்படியே எழுதுங்க" என்றார் ரோத்துவா.

"அந்த வார்த்தை வேணாம், இபு. பத்திரிகைக்காரன் வந்து நிப்பான். ஊர் பேரு நாறிடும்."

"ஜன்னல உடைச்சப்ப நாறலையா?"

ஏட்டு சாட்சியான என் பக்கம் திரும்பினார். கூட வந்திருந்த எங்கள் தெருத் தலைவர் பாக் உஜாங்கும் என்னையே பார்த்தார். என் கணவரின் பாக்சோ சூப் வண்டி தெருமுனையில் நிற்பது அவர் தயவில்.

"தவறான புரிதல்தான், பாக்" என்றேன்.

ரோத்துவா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் தாய்மார்கள் அவர் மேசையைத் தாண்டி அடுத்த நர்ஸிடம் வரிசை கட்டினார்கள். நானும் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். எட்டு மாதம் பொறுத்துப் பார்த்தவர், மாற்றல் வாங்கிக்கொண்டு சுமத்ராவில் தங்கை இருக்கும் சியாந்தாருக்குப் போனார். லாரியில் சாமான் ஏறும் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறக்கவில்லை.

மூன்றாம் வருடம் அங்கேயே இறந்துவிட்டாராம். சுகாதார நிலையத்துக் குமாஸ்தா சொன்னார். என்ன நோய் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.