பெரட்டு கூப்பிட்டு கம்பைல் செய்த கதை

1. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்

நிலையத்தை மூடப்போகிறோம் என்று பணிப்பாளர் சொன்ன நாளில், எங்களிடம் இருந்த எட்டு கம்ப்யூட்டரில் ஒன்றிலும் ‘கொழுந்து’ என்று ஒழுங்காக எழுத முடியவில்லை. கொம்பு ஓரிடத்தில் நிற்கும், கால் வேறிடத்தில் நிற்கும், நடுவில் புள்ளி வைத்த வட்டம் ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கும்.

இலங்கை மலையகத்தில், அட்டன் டவுனில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் பயிற்சி நிலையம். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கம். வெளிநாட்டில் யாரோ பாவித்துக் கழித்த மெஷின்கள் எட்டு, நன்கொடையாக வந்திருந்தன. விண்டோஸ் வாங்க வசதியில்லை என்பதால் லினக்ஸ் போட்டிருந்தோம். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. தமிழ் டைப்பிங் சொல்லிக்கொடுப்பது புஷ்பம் அக்கா. மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். தட்டச்சில் புலி, ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடினால் நாற்காலியை ஒரு அடி பின்னால் தள்ளிக்கொள்வார்.

பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்டி அலுவலகத்தில் இருந்துகொண்டு எங்களைப் போல நாலைந்து நிலையங்களைப் பார்த்து வந்தார். தீபாவளி முடிந்த கையோடு வந்தவர், திரையை எட்டிப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, இதுதானோ நீர் சொன்ன தமிழ்?”

“புது லைப்ரரி போட்டா சரியாயிரும் சேர். சோர்ஸ எடுத்து நாங்களே கம்பைல் பண்ணணும்.”

“எனக்கு அதெல்லாம் விளங்காது. பொங்கல் கழிய வருவன். அதுக்குள்ள சரிவராட்டி எல்லாத்தையும் கண்டிக்கு ஏத்திப்போடுவன். அங்க இங்கிலீசிலயாவது படிக்க ஆக்கள் இருக்கினம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தமிழில் படித்தவர்கள். டிக்கோயாவிலிருந்து நடந்து வருகிறவர்கள் கண்டிக்குப் போய் கம்ப்யூட்டர் படிப்பார்களா? மெஷின் போனால் அவர்களுக்கு இந்தப் படிப்பே போயிற்று. புஷ்பம் அக்காவுக்கும் எனக்கும் வேலை போவதைப் பற்றி அன்று நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அதையும் நினைத்தேன்.

2. வாரத்துக்கு ஒரு ஆள்

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்வது என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு கமாண்டில் எல்லாம் இறங்கிவிடும் காலத்தில் வளர்ந்தவர்கள், குற்றமில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மென்பொருளை எழுதியவர்கள் எழுதிய வடிவிலேயே தருவார்கள். அதை நம் மெஷினுக்கு ஏற்றபடி நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். முதலில் கன்ஃபிகர் என்று ஒன்றை ஓட்டுவோம். தேவையான சாமான் எல்லாம் இருக்கிறதா என்று அது பார்க்கும். பிறகு மேக். அது சமைக்கும்.

சிக்கல் என்னவென்றால், தமிழை ஒழுங்காகக் காட்டும் லைப்ரரி என்ற துணை மென்பொருள் தனியாக வராது. அதற்கு இன்னொரு லைப்ரரி வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு வேண்டும். கன்ஃபிகரோ, ஒரு நேரத்தில் ஒரு குறையைத்தான் சொல்லும். முதல் குறை கண்ணில் பட்டதும் நின்றுவிடும். மிச்சத்தைச் சொல்லவே சொல்லாது.

நல்ல இன்டர்நெட் இருந்தால் இது பெரிய காரியமில்லை. எங்கள் டெலிபோன் லைன் மழைக்கு இரையும். அட்டனில் மழை இல்லாத நாளை எண்ணிவிடலாம். ஆகவே எல்லாம் நிமால் கையில் இருந்தது. நிமால் எங்கள் நிலையத்தில் சிங்கள வகுப்பு எடுப்பவன், கினிகத்தேனை ஊர். சனிக்கிழமைதோறும் ஏதோ படிப்புக்காகக் கொழும்பு போவான். அங்கே டவுன்லோட் செய்து, சிடியில் எழுதிக்கொண்டு திங்கட்கிழமை வருவான். நான் அதைப் போட்டு கன்ஃபிகர் ஓட்டுவேன். அது அடுத்த குறையைச் சொல்லும். அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்போம்.

சில வாரம் பொறுத்துப் பார்த்த நிமால் கடைசியில் கத்திவிட்டான்.

“அனே சரோஜா, நான் கொழும்பு போற, ஒண்ணு கொண்டு வாற. நீ திரும்ப இன்னொண்ணு இல்லை சொல்ற. இந்தக் கணக்குல போனா எனக்கு பென்ஷன் வரும், இது முடியாது!”

அவன் சொன்னது சரி. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது.

3. பெரட்டு

பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை நான் தேயிலைக் கொழுந்து எடுத்திருக்கிறேன். அதை மறைப்பவளும் இல்லை, அதைச் சொல்லி அனுதாபம் தேடுபவளும் இல்லை. அங்கே கற்ற ஒரு விஷயம் எனக்கு இங்கே கை கொடுத்தது.

தோட்டத்தில் காலையில் யாரும் நேராக மலைக்குப் போவதில்லை. முதலில் பெரட்டு. எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். வந்தவர் யார், வராதவர் யார் என்று தெரிந்த பிறகுதான் எந்த மலைக்கு எத்தனை பேர் என்று பிரிப்பார்கள். கன்ஃபிகர் செய்வது இதற்கு நேர்மாறு. ஆளை மலையுச்சிக்கு ஏற்றிவிட்டு, அங்கே போனபின் கூடை இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. கூடையோடு ஏறினால், கயிறு இல்லை என்கிறது.

அப்படியானால் நான் பெரட்டு கூப்பிட்டால் என்ன?

நிமாலிடம், ஒவ்வொன்றாக வேண்டாம், அந்த லைப்ரரிகளை வெளியிடும் தளத்தின் ஃபோல்டரில் இருக்கும் சோர்ஸ் பொதிகள் முழுவதையும் ஒரே போக்கில் எழுதிக்கொண்டு வா என்றேன். இரண்டு சிடி வந்தது. ஒவ்வொரு பொதிக்குள்ளும் தனக்கு எது எது தேவை என்று ஒரு கோப்பில் எழுதியிருப்பார்கள். நான் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக அடுக்கிய கோப்பு, எழுதினேன். அது எல்லாப் பொதிகளையும் திறந்து, அந்த வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்தது. யாருக்கு யார் வேண்டும் என்று இரண்டிரண்டு பெயராக அடுக்கியது. அப்படி அடுக்கிக் கொடுத்தால், எதற்குப் பின் எது என்று வரிசைப்படுத்தித் தரும் சின்னக் கட்டளை ஒன்று லினக்ஸிலேயே இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்குப் பாயாசம் குடித்த மாதிரி இருந்தது.

இல்லாதவை எல்லாம் ஒரே மூச்சில் திரையில் வந்து நின்றன. நிமால் இன்னும் ஒரே ஒரு முறைதான் போய், அவற்றையும் சேர்த்து இரண்டு சிடியையும் புதிதாக எழுதிவர வேண்டியிருந்தது.

ஸ்கிரிப்ட்டுக்குப் பெரட்டு என்றே பெயர் வைத்தேன். கறுப்புத் திரையில் தமிழ் தெரியாது என்பதால், அது பேசும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன். ஒரு சாமான் இல்லாவிட்டால் ‘இன்னும் வரல’ என்று பெயரோடு சொல்லும். எல்லாம் இருந்தால் ‘மலைக்குப் போகலாம்’ என்று சொல்லிவிட்டு, வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்யும். ஒன்று முடிந்ததும் அதற்கு ஒரு அடையாளக் கோப்பு போட்டு வைக்கும். அட்டனில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. அதனால் அந்த ஏற்பாடு.

4. மூன்று சரோஜா

முதல் மெஷினில் பெரட்டு ஓடியது. ஒரு பிழையும் இல்லாமல் கடைசிவரை போனது. நான் ஆசையோடு ‘கொழுந்து’ என்று அடித்தேன்.

கொம்பு ஓரிடம், கால் ஓரிடம்.

“என்னாடி இது, பழைய குருடி கதவைத் தொறடின்னு நிக்குது?” என்றார் புஷ்பம் அக்கா.

அழுகை வந்தது. ஸ்கிரிப்ட்டை வரி வரியாகப் படித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. தேவையான லைப்ரரி இருக்கிறதா என்று கூப்பிட்டால், இருக்கிறேன் என்கிறது. பிறகு, ஓடும் நேரத்தில் தமிழ் அடிக்கும் மென்பொருள் எந்தக் கோப்பைத் திறக்கிறது என்று பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் தோட்டத்து டிவிஷனில் சரோஜா மூன்று பேர். வெறுமனே சரோஜா என்று கூப்பிட்டால் யாராவது ஒருத்தி கைதூக்குவாள். ஆகவே குடியிருக்கும் வீட்டு வரிசையைச் சேர்த்து ‘அஞ்சாம் லயத்து சரோஜா’ என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். இங்கேயும் அதே கதை. லினக்ஸோடு வந்த பழைய லைப்ரரி ஒரு ஃபோல்டரில் இருந்தது. நான் கம்பைல் செய்த புதியது வேறொரு ஃபோல்டரில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே பெயர். பெயரைக் கூப்பிட்டதும் பழையவள் முந்திக்கொண்டு கைதூக்கினாள். புதியவள் வாய் திறக்காமல் நின்றாள்.

தோட்டத்துப் பிள்ளையான நானே வெறும் பெயரைக் கூப்பிட்டுப் பெரட்டு எடுத்திருக்கிறேன்! வேறு யார் செய்திருந்தாலும் மன்னிக்கலாம். பெயரோடு வெர்ஷன் நம்பரையும், எந்த ஃபோல்டர் என்பதையும் சேர்த்துக் கூப்பிடும்படி மாற்றினேன். புதிய ஃபோல்டரில் முதலில் தேடு என்று மெஷினுக்கும் சொல்லிவைத்தேன். மறுபடி ஓட்டினேன். கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. புஷ்பம் அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். வலித்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

5. நான் வெளியே நின்ற நாள்

பொங்கல் கழிந்து பணிப்பாளர் வந்தார். ஏழு மெஷினில் தமிழ் பளிச்சென்று நின்றது. எட்டாவதை வேண்டுமென்றே வெறுமனே விட்டிருந்தேன், எப்படிச் செய்கிறோம் என்று காட்டுவதற்காக. எல்லாவற்றையும் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“நல்ல வேலைதான். ஆனா பிள்ளை, நாளைக்கு நீர் கலியாணம் கட்டிப் போனா இதை ஆர் பாக்கிறது? ஒரு ஆளை நம்பி நான் எட்டு மெஷினை இங்க விடேலாது.”

சுருக்கென்றது. நிமாலிடம் இந்தக் கேள்வியைக் கேட்பாரா? வாய்வரை வந்ததை விழுங்கினேன். கல்யாணத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், கேள்வியில் நியாயம் இருந்தது.

“அப்ப நான் வெளிய நிக்கிறேன் சேர். எட்டாவது மெஷின புஷ்பம் அக்கா செய்வாங்க.”

“நானா!” என்று அக்கா எழுந்தே விட்டார். “அடியே, அந்தக் கறுப்புத் தெரையைப் பாத்தாலே எனக்கு ஒதறுதுடி.”

“பெரட்டுன்னு அடிங்கக்கா. அது சொல்றதப் படிச்சிட்டு, அப்படியே செய்ங்க.”

நான் வராந்தாவுக்குப் போய்விட்டேன். பணிப்பாளர் உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த மெஷின்களின் வேகத்துக்கு அது அரைநாள் வேலை. கதவு திறந்திருந்ததால் அக்கா வாய்விட்டு வாசிப்பது கேட்டது. “இன்னும் வரல… ரெண்டாவது சிடிய போடுங்க… அட, ஆமா.” சிடி தட்டு திறந்து மூடும் சத்தம்.

மத்தியானத்துக்குப் பிறகு கரண்ட் போயிற்று.

அக்கா வராந்தாவுக்கு ஓடி வந்தார். “சரோஜா, எல்லாம் போச்சுடி! இப்ப என்னா செய்யிறது?”

அவருக்குப் பின்னால் பணிப்பாளர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை நான் சொன்னாலும் கதை முடிந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தேன். அடையாளக் கோப்பு போடும் அந்த வரியைச் சரியாக எழுதினேனா என்று மனசுக்குள் எழுத்தெழுத்தாக ஓட்டிப் பார்த்தேன்.

“என்னால ஒண்ணும் சொல்ல ஏலாதுக்கா.”

அக்கா என்னை முறைத்துவிட்டு உள்ளே போனார். கரண்ட் வந்தது. மெஷின் எழும்பும் சத்தம். சாவிப்பலகையில் தயங்கித் தயங்கி விழும் அடிகள். பிறகு அக்காவின் குரல், இந்த முறை பதற்றமில்லாமல்:

“சேர், இந்தா பாருங்க. முடிஞ்சது எதுன்னு இதுக்கே தெரியுது. விட்ட எடத்துல இருந்து போகுது.”

மாலையில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். எட்டாவது மெஷினில் அக்கா யாரும் கேட்காமல் தானாகவே ஒரு அறிவித்தல் அடித்து வைத்திருந்தார்: ‘புதிய வகுப்புகள் விரைவில் தொடங்கும்.’ கொம்பும் காலும் பிசகவில்லை. பணிப்பாளர் வாசித்தார். சிரித்துவிட்டார்.

“வகுப்பைத் தொடங்குங்கோ” என்றார். கதவருகில் நின்று திரும்பினார். “கண்டியிலயும் இதே பிரச்சினைதான் பிள்ளை. அந்த சிடி ரெண்டிலயும் ஒவ்வொரு கொப்பி தாரும்.”

அதன் பிறகு எத்தனையோ பெரிய அலுவலகங்களில் வேலை செய்துவிட்டேன். என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்றுதான். உனக்கு மட்டும் செய்யத் தெரிந்த வேலை இன்னும் பாதி வேலை. நீ வாய்மூடி வெளியே நிற்கும்போது அது நடக்க வேண்டும்.

கண்டிக்கு மெஷின் ஒன்றும் போகவில்லை. அடுத்த வாரம் போனவர் புஷ்பம் அக்கா, கைப்பையில் இரண்டு சிடியோடு, அங்கே இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. துணைக்கு வரவா என்று கேட்டேன்.

“நீ எதுக்குடி?” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.