தனக்கோடி மேல் ஒரு பிராது

சங்கத்துச் சபை பூவாயியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது நிஜம்தான். அந்தத் தோல்வி பொறுக்காமல் தனக்கோடி கோவித்துக்கொண்டு எழுந்து போனாராம். குழாயடியில் இன்னமும் இப்படித்தான் பேசுகிறார்கள். கை தூக்குவதற்கு முன்னாலேயே எழுந்தவர் எப்படித் தோற்றிருப்பார்? இரண்டு பேருக்கும் ஏதோ இருக்கிறது என்கிறாள் இன்னொருத்தி. இருந்திருந்தால் முதலில் அவளைத் தள்ளி வைத்திருப்பாரா? நான் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவள். என் கண்ணை விடவா இவர்கள் காது பெரிசு?

மேஸ்திரி தனக்கோடி எங்கள் சூளைச் சங்கத்துத் தலைவர். விருத்தாசலத்திலும் சுற்றுப்பட்டிலும் பீங்கான் சாமான் செய்கிற சின்னக் குடும்பங்கள் நாங்கள். ஆளுக்கொரு சூளை வைக்க வக்கில்லாமல் பொதுவில் ஒன்று வைத்திருக்கிறோம். வெள்ளை மண் அப்பிய துண்டு தலையில் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. சூளையிலிருந்து இறங்குகிற ஜாடியை விரலால் சுண்டி, காதைக் கொடுத்துக் கேட்பார். கடையில் டீ டம்ளரையும் சுண்டிவிட்டுத்தான் வாயில் வைப்பார். பேச்சை எடுத்தால் ஒரு விரல் இந்தப் பக்கம், ஒரு விரல் அந்தப் பக்கம். “அது வேற, இது வேற” என்பார். வேற வேற மேஸ்திரி என்றே பேராகிவிட்டது.

அறுபத்தொன்பதாம் வருஷம். மாசி மகத்துக் கடைக்குச் சரக்குப் போகவேண்டுமே என்ற அவசரத்தில் பூவாயி ஈரம் காயாத பொம்மைகளைச் சூளையில் அடுக்கிவிட்டாள். சூடு ஏறியதும் வெடித்தன. பக்கத்திலிருந்த ஊறுகாய் ஜாடியெல்லாம் சில்லு சில்லாய்ப் போயிற்று. சங்கத்துக் கமிட்டி ஐந்து பேரும் கூடி, இனி அவளுக்குச் சூளையில் இடமில்லை என்று தீர்த்தது. முதலில் கை தூக்கினவர் தனக்கோடி. புருஷன் இல்லாதவள், சுட இடமில்லையென்றால் மண்ணைப் பிசைந்து என்ன செய்வாள்?

அதே வாரம் அவள் வாசலில் வந்து நின்றார் மனுஷன். நான் பக்கத்து வூடு.

“வெட்டின கையே மருந்து தடவ வந்துதா?” என்றாள் பூவாயி. கையில் துடைப்பம்.

“நீ பண்ணது தப்புதாம்மா. அது வேற. ஒடஞ்ச சாமான்ல பாதி எங்க கமிட்டிக்காரங்களுது. அடிபட்டவனே தீர்ப்பும் சொல்லிட்டோம். உறுப்பினர் எல்லாரும் கூடுற சபைகிட்ட போயி கேக்க ஒனக்கு வழி இருக்குது. இது வேற.”

“அங்க வந்து எனக்காகப் பேசுவீங்களா மேஸ்திரி?”

“ஒனக்கு எதிராதான் பேசுவேன்.”

இந்தக் கிறுக்கனை என்ன செய்வது என்று அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

சபையைக் கூட்ட உறுப்பினர்கள் கைநாட்டு வேண்டும். பூவாயி வெளியே தலைகாட்டக் கூசினாள். பெண்ணாடத்துக்கும் வேப்பூருக்கும் பஸ் ஏறி அவரே அலைந்தார். என்னிடம் வந்தபோது, “படிச்சிக் காட்டு, அப்பறந்தான் உருட்டுவேன்” என்றேன். கமிட்டித் தீர்ப்பு நியாயமில்லை, சபை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று படித்தார். நடுவில் அவர் பேரும் வந்தது. குரல் இறங்காமல் படித்தார். தன்மேல் போட்ட பிராதைத் தானே தூக்கிக்கொண்டு திரிந்த ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

“ஒன்ன நீயே கவுத்துக்கிறியே, ஒனக்கென்ன பைத்தியமா?”

“நாளைக்கி ஒன்ன தள்ளி வெச்சா நீ யாரப் போயி கேப்ப யக்கா?”

பெருவிரலை மையில் வைத்தேன்.

சபை கூடிய அன்று தலைவர் நாற்காலியில், கமிட்டியில் இல்லாத ஜெயராஜை உட்காரவைத்தார். “என் தீர்ப்பு மேல வழக்கு. நானே எப்பிடி ஒக்காருறது?” பிறகு கமிட்டிக்காக எழுந்து பேசினார் பாருங்கள், தயவு தாட்சண்யம் கிடையாது. கோணியில் கட்டி வந்த ஜாடிச் சில்லை எல்லார் முன்னாலும் கொட்டினார். பூவாயிக்காகக் கைநாட்டு வைத்த எனக்கே அவள்மேல் கோபம் வந்துவிட்டது.

பூவாயி எழுந்தாள். “ஈரந்தான். தெரிஞ்சேதான் வெச்சேன். இந்த சூளைய விட்டா நான் எங்க போவேன்?” அவ்வளவுதான்.

கை தூக்கச் சொல்லி ஜெயராஜ் வாயெடுத்தார்.

“கொஞ்சம் இரு” என்று எழுந்தார் தனக்கோடி. “சூளைல யாருக்கு எந்த எடம்னு பிரிச்சிக் குடுக்கறவன் நானு. என் மொகத்தப் பாத்துக்கிட்டு எவன் கை தூக்குவான்?”

கமிட்டிக்காரர் மற்ற நாலு பேரும் பெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் வாசலுக்கு நடந்தார். தகரக் கதவைத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் காலால் அணைத்துப் பிடித்து நின்றார். ஒருவர் எழுந்தார். பிறகு இன்னொருவர். கடைசி ஆள் செருப்பைத் தேடிப் போட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து, தானும் வெளியே போய், கதவை இழுத்துச் சாத்தினார்.